எதிர்த்தாரை

மாரண்டஅள்ளிக்குத் தெற்கே, அக்கா வீட்டு நிலத்துக்கு
ராத்திரி பத்தரைக்கு வந்து சேர்ந்தது திருச்செங்கோட்டு வண்டி.
அன்று காலைதான் என் கட்டுரை திரும்பி வந்திருந்தது.
மதிப்பீட்டாளருக்கு ஒரே கேள்வி:
ஒரு பக்கத் தாரை தெரிகிறது, மறுபக்கம் எங்கே?

தொலைவில் ஒரு விண்மீன் மண்டலம். அதன் நடுவயிற்றில் கருந்துளை.
விழவேண்டியதில் கொஞ்சம்
விழாமல்
ஒளியை எட்டிப்பிடிக்கிற வேகத்தில் பீறிடுகிறது,
ஐயாயிரம் ஒளியாண்டுக்கு, கோணாமல்.
எது முறுக்கி அனுப்புகிறது அதை?
காந்தப்புலம் என்று எழுதியிருக்கிறேன்.
எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன்.

கம்ப்ரஸர் உறுமியது.
முதலில் செம்மண். அப்புறம் சுக்கான்.
நூற்றைம்பதுக்குப் பிறகு வெறும் பாறைமாவு,
ஃபோகஸ் லைட்டில் புளியமரத்துக்கு மேலே
வெள்ளையாய் நிமிர்ந்து நின்றது.
பச்சியப்பன் மாமா துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு
டிராக்டர் மட்கார்டில் சாக்பீஸால் அடிக்கணக்கு எழுதினார்.
அறுநூறைத் தாண்டினால் நூறு அடிக்கு நூறு அடி ரேட் ஏறும்.
பார்செக்கில் புழங்குகிறவள் நான்.
எனக்கு வியர்த்தது.

ராடு மாட்டும் இடைவெளியில்
டிரில்லர் குணசீலன் கேட்டான், என்ன வேலை என்று.
சொன்னேன்.
"அது நம்ம பக்கமா வருதா மேடம்?"
"ஏறக்குறைய."
"அப்ப சரி. தொப்பூர் எறக்கத்துல
எதிர்ல வர்ற லாரி கண்ண அவிச்சிரும்.
போற லாரிக்கு ஒரு செவப்புப் பொட்டு,
அதுவும் பாதி வண்டில எரியாது."
பதிலுக்குக் காத்திருக்கவில்லை. லீவரை இழுத்தான்.

எதிர்த்தாரை இருக்கிறது,
விலகிப் போவதால் மங்கித் தெரியாமல் போகிறது என்று
பாடநூலில் இருப்பதைத்தான் நானும் பதிலாய் அடித்தேன்,
ஜீப் பானெட்டில் லேப்டாப்பை வைத்து,
விசைகளுக்கிடையில் பாறைமாவு நறநறக்க.
அடுத்த வரி வரவில்லை:
அதைக் காட்ட என்னிடம் தரவு இல்லை.

எண்ணூறு. தொள்ளாயிரத்து இருபது.
மேலே போகும் தூளை ஊரே பார்த்தது.
அதே கோட்டில் கீழே போய்க்கொண்டிருந்த பிட்டை
யாரும் பார்க்கவில்லை.
ஆயிரத்து நூற்று நாற்பதில்
மாமா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.
புகை. ஈரமில்லை.

விடிகிற நேரம் ரசீது போட்டான்.
அடி ஒன்று குறையாமல்.
வண்டி போனதும், குழாய்க்கு மூடி போடுமுன்
மாமா ஒரு கூழாங்கல்லை உள்ளே விட்டார்.
அக்கா, நான், அவர், மூவரும் குனிந்தோம்.
சத்தம் வரவில்லை.
பால் வண்டி ஹாரன் அடித்தது,
அக்கா கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.