சம்பவ இடம்

கடிதம் சென்னையிலிருந்து வந்தது,
அடியில் ஊதா முத்திரையோடு.
தேசம்மா அதை நனையக்கூடாதென்று
முந்தானையில் சுற்றி
என் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுவந்தாள்.
வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

நாலு பத்தி இங்கிலீஷ்.
மூன்றில் வண்டி எண், பாலிசி எண், தேதி.
நாலாவதில் ஒரே ஒரு சொல்தான் வேலை செய்தது:
ட்ரிவியல்.

ஆந்திரா லாரி, தமிழ்நாட்டுத் தார்.
கடலை வண்டியின் சக்கரங்களில் ஒன்று
நகரி ஸ்டேஷன் எல்லைக்குள் உருண்டுபோயிருந்தது.
அவள் இடது முழங்கால் எந்தப் பக்கம் உடைந்ததென்று
இரண்டு ஏட்டுகள் டேப் பிடித்து அளந்தார்கள்.
வாணலி மணல் சாலை முழுக்கச் சுட்டது.
அளந்து முடிப்பதற்குள்
கால்படி கடலை தின்றிருந்தார்கள்.

"என்னய்யா போட்டிருக்கான்?"

அற்பம் என்று சொல்ல வாய் வரவில்லை.
நேரம் கடத்தப் போனில் அகராதியைத் தட்டினேன்.
அது பொருளைத் தாண்டி வேருக்கு இறங்கியது.
லத்தீனாம்.
ட்ரி என்றால் மூன்று, வியா என்றால் பாதை.

வியா.
சித்தூர் பஸ் பலகையில் தெலுங்கில் தினமும் போகிறதே, வயா.
நம் பஸ்ஸில் அதே இடத்தில், வழி.
ரோமாபுரியில் மூன்று சாலை கூடுமிடத்தில்
கூடைக்காரிகள் நின்று பேசிய பேச்சு
மாடியில் இருந்தவர்களுக்கு மலிவாகக் கேட்டிருக்கும்.
அங்கிருந்து அந்தச் சொல்
கப்பலேறி, கோட்டு மாட்டி,
ஏசி அறையில் உட்கார்ந்து
ஒரு முழங்காலைப் பார்த்துத் திரும்பச் சொல்கிறது.
நாம் மட்டும் என்ன?
மானம் போனால் முச்சந்தி சிரிக்கும் என்கிறோம்.
திருஷ்டிப் பூசணிக்காயைக் கொண்டுபோய்
அவள் கால்மாட்டில்தான் உடைக்கிறோம்.

"முச்சந்தின்னு போட்டிருக்கு" என்றேன்.

ஊன்றுகோலைக் கை மாற்றிக்கொண்டாள்.
"சரியாத்தானே போட்டிருக்கான்.
அங்கதானே நின்னேன், பதினோரு வருஷம்.
எடம் தெரிஞ்சுபோச்சில்ல,
அப்புறம் பணத்துக்கு என்னவாம்?"

மேல்முறையீட்டுப் படிவத்தில்
சம்பவ இடம் என்ற கட்டம் சின்னது.
சித்தூர் சாலை, சோளிங்கர் சாலை, நகரி சாலை
மூன்றும் அதில் அடங்காது.
அவர்கள் சொல்லையே எடுத்து
பெரிய எழுத்தில் அழுத்தி எழுதினேன்.

கீழே தெலுங்கில் கையெழுத்துப் போட்டாள்.
மை காய்வதற்குள் ஒரு லாரி
ஹாரன் இல்லாமல் திரும்பியது.
இருவரும் நிமிர்ந்து பார்த்தோம்.

"எத்தன காப்பி?"

மூன்று என்றேன்.