அறிவித்தல் கொட்டில்

மற்ற நாட்களில் லொத்தர் வானுக்குள் இருந்து
புதுக்குடியிருப்புச் சந்தியைக் கோடீஸ்வரராக்குகிற குரல் இது.
வைகாசியில் ஒரு பகல், ஓர் இரவு
வற்றாப்பளை அம்மனுக்கு இரவல்.
சம்பளமில்லை. பிளேன்ரீ உண்டு,
விடியப்புறம் வாழையிலையில் கொஞ்சம் பொங்கல்.

கடல்நீரில் விளக்கெரியும் என்பார்கள்.
பதினொரு வருசமாய் நான் பார்த்ததில்லை.
கொட்டிலை விட்டு அசையேலாது;
சனம் எதையாவது தவறவிட்டுக்கொண்டே இருக்கும்.
ஒற்றைச் செருப்பு, அடையாள அட்டை,
மாங்குளம் பஸ்ஸில் ஒன்றாக ஏறிய அத்தான்,
தூக்குக்காவடிக்காரரின் மூக்குக்கண்ணாடி.
"கொலுசு ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது" என்றால்
ஏழு பேர் வருவார்கள்.
எத்தனை மணி என்று கேட்க
ஆறு பேர் திரும்பிப் போவார்கள்.

பதினொன்றரைக்குச் சேயோன் வந்தான்.
வயது நான்கு, நீலக் காற்சட்டை, வாய் நிறையக் கச்சான்.
அப்பாவின் பேரென்ன? "அப்பா."
வீடு எங்கே? "வீட்டை."
இரண்டாம் அறிவித்தலுக்குத் தாய் ஓடிவந்து
முதலில் அடித்தாள், பிறகு அணைத்தாள்.
அந்த ஒழுங்கு எந்த வருசமும் மாறினதில்லை.

அவர்கள் போன பிறகும்
ஒரு அம்மா போகாமல் நின்றார்.
கற்பூரச்சட்டி எடுத்த கையில் ஈரத்துணி.
முன்னுக்கு வந்தவர், எல்லாரையும் முந்தவிட்டு
கடைசி ஆளானவர்.

எழுதுங்கோ தம்பி. பேர் நிதர்சன்.
என்ன நிறச் சட்டை?
தெரியாது.
வயது?
விரல் மடித்தார். வாற ஆவணியோட இருபத்திரண்டு.
உயரம்?
என்னை எழும்பச் சொன்னார்.
அடியிலிருந்து முடிவரை பார்த்து,
உங்களளவு வராது, தகப்பன் கட்டை, என்றார்.
எங்கே தவறவிட்டீங்கள்?
நந்திக்கடல் பக்கம் கையை நீட்டினார்.
எப்போது என்ற கட்டத்தை
நான் நிரப்பவில்லை.

ஐஸ்கிறீம் வானோடு எப்போதும் நிற்கிற இரண்டு பேர்
இன்றைக்கும் நின்றார்கள்,
ஐஸ்கிறீம் வாங்காமல்.
செயலாளர் தொண்டையைச் செருமினார்:
"இண்டைக்குத் துலைஞ்சது மட்டும்தான், தெரியுந்தானே."
"எனக்கு இண்டைக்கும்தான் துலைஞ்சிருக்கு" என்றார் அம்மா.
செயலாளர் தண்ணீர்ப் பந்தலில்
ஏதோ அலுவல் இருப்பதாகப் போனார்.

வேறு குரல் என்னிடம் இல்லை.
சேயோனுக்குப் பேசிய அதே குரலில்தான் சொன்னேன்:
"நிதர்சன், வயது இருபத்தொன்று,
எங்கிருந்தாலும் அறிவித்தல் கொட்டிலுக்கு வரவும்.
உங்கள் அம்மா இங்கே நிற்கிறார்."
பனையில் கட்டிய கடைசி ஸ்பீக்கர்
அதைக் களப்புக்குச் சொன்னது.
பறை நிற்கவில்லை. வளையல்காரன் மட்டும்
மிச்சக் காசை எண்ணாமல் கொடுத்தான்.

வந்தார்கள்.
மூன்று நிதர்சன்கள்.
விசுவமடுவில் இருந்து ஒருத்தன், கையில் ஹெல்மெற்.
ஒட்டுசுட்டான்காரன், பக்கத்தில் கலியாணம் பேசின பிள்ளை.
மூன்றாமவன் ஊரே சொல்லவில்லை, மூச்சு வாங்கினான்.
அம்மா மூவரின் வலக்காதையும் மடக்கிப் பின்னால் பார்த்தார்.
ஏனென்று ஒருத்தனும் கேட்கவில்லை,
உயரமானவன் குனிந்தே கொடுத்தான்.
ஒவ்வொரு நெற்றியிலும் திருநீறு,
ஒவ்வொரு கையிலும் ஐந்நூறு ரூபாய்.
அவர்கள் வேண்டாமென்றார்கள். வாங்கினார்கள்.
மூன்றாமவன் போக மனமில்லாமல்
ஸ்பீக்கர் வயரில் கொஞ்ச நேரம் கால் வைத்து நின்றான்.

"வாற வருசம் ஒரு வயதைக் கூட்டிச் சொல்லுங்கோ"
என்றார் என்னிடம்.
கூட்டத்துக்குள் இறங்கினார்.

மேசையில் ஒருவன் தட்டினான்:
"அண்ணை, பல்சர் திறப்பு ஒண்டு...
சிவப்புக் கயிறு, அதில முருகன் படம்."
மைக்கை விரலால் தட்டினேன்.
ஹலோ. ஹலோ.
வேலை செய்தது.