திரும்பும் குழாய்

எண்ணெய் அளக்கும் கம்பியைத் துடைக்காமலே
என் மூக்கருகே நீட்டினான் குணாளன்.
எஞ்சின் எண்ணெயில் பெட்ரோல் வாடை.
"பம்புக்குள்ள இருக்கிற தோல் கிழிஞ்சிடுச்சிக்கா.
உள்ளுக்குள்ளேயே ஒழுகுது."
வெளியே ஒரு சொட்டுகூட இல்லை.
மூன்று வாரமாய் பாயா தெருபோங் ஏற்றத்தில்
பதினொரு பிள்ளைகளோடு வேன் இருமியபோது
பிளக்கைச் சந்தேகித்தேன்,
எண்ணெய் நிலையத்தைச் சந்தேகித்தேன்,
ஏறியதும் ஜன்னலைத் திறந்துவிடும்
நான்காம் வகுப்பு யாழரசியைக்கூட.

எண்பத்தொன்பதாம் வருஷத்து வனெட்.
என் இருக்கையைத் தூக்கினால் எஞ்சின்;
பன்னிரண்டு வருஷமாய் அதன் சூட்டின் மேல்தான்
உட்கார்ந்திருக்கிறேன்.
டத்தோ கிராமாட் சாலைக் கடையில்
எண்ணைத் தட்டிப் பார்த்த பையன்
திரையிலிருந்து கண் எடுக்காமல்
"தாக் அடா, காக்" என்றான்.
இல்லை என்பதை மலாயில்
எவ்வளவு மெத்தென்று சொல்ல முடிகிறது.

பட்டர்வொர்த்தில் மின்சாரப் பம்பு கொடுத்தார்கள்.
நூற்றிருபது வெள்ளி. எல்லாத்துக்கும் சேரும் என்றார்கள்.
அது தள்ளிய தள்ளில்
கார்பரேட்டர் வாய் வழியே கக்கியது.
பாதிக் காசுதான் திரும்பக் கிடைத்தது,
அதுவும் சண்டை போட்டு.

அப்புறம்தான் குணாளன்
பிஸ்கட் டின் மூடியில் ஆணியால் கீறிக் காட்டினான்
பொருத்தம் என்றால் என்னவென்று:
இரண்டு ஓட்டைக்கு நடுவே இவ்வளவு,
உள்ளே நீளும் கை இந்த வளைவில், இந்த நீளம்.
குட்டையானால் எட்டாது, உறிஞ்சாது.
நீளமானால் உள்ளே எல்லாவற்றையும் இடித்து ஒடிக்கும்.

எனக்குப் பத்தும் பார்த்தார்கள். எட்டு இருந்தது.
தினம், கணம், ரஜ்ஜு எல்லாம் பிரமாதம்.
கை நீளமா என்று மட்டும்
யாரும் அளக்கவில்லை.

மூடியையும் செத்த பம்பையும் பையில் போட்டுக்கொண்டு
சுங்கை பினாங் சந்துக்குள் போனேன்.
வெட்டிய காடிகள் ஒன்றின் மேல் ஒன்றாய்,
கதவில்லாமல், கண்ணில்லாமல்.
தௌகே தியோங் மூடியைப் பார்க்கவே இல்லை.
பம்பின் கையைக் கட்டைவிரலால் இரண்டு தடவை அமுக்கினார்,
உள்ளே போய் ஒரு மைலோ டின்னைக் கவிழ்த்தார்.
டாட்சன் நூற்றிருபது ஒய்யின் பம்பு.
"இது டாட்சன். என்னுடையது வனெட்."
"எஞ்சின் அடிக்-பெராடிக்" என்றார்.
அக்கா தங்கச்சி. அறுபது வெள்ளி.
நாற்பத்தைந்துக்கு முடித்தேன்.

ஓட்டை சரி. கை சரி.
குணாளன் நிமிர்ந்து தலையைச் சொறிந்தான்.
"பழசுல மூணு மூக்குக்கா. இதுல ரெண்டுதான்.
மிச்சம் எண்ணெய் டாங்கிக்குத் திரும்பிப் போற வழி
இதுல இல்ல.
அந்தக் குழாய அடைச்சிட்டா ஓடும்."

ஈப்போவிலிருந்து மாதம் ஒருமுறை வரும் அழைப்பு,
வந்திடவா, இந்தத் தடவை உண்மையாகவே, என்பது
அப்போது ஞாபகம் வந்ததா என்றால், இல்லை.
இரவு கை கழுவும்போதுதான் வந்தது.
அப்போது நான் கேட்டது இவ்வளவுதான்:
"அடைச்சா என்ன கெடுதல்?"
"நல்ல வெயில்ல, ஜாம்ல நின்னா கொஞ்சம் திணறும்."
"பரவாயில்ல. அடைச்சிடு."
ஒரு போல்ட்டைக் குழாயின் வாய்க்குள் திருகி
கிளிப்பை இறுக்கினான். இன்னும் ஒரு சுற்று இறுக்கு என்றேன்.

திங்கள், ஆறு நாற்பது.
ஏற்றத்தில் இரண்டாம் கியர்.
இருமவில்லை.
யாழரசி பழக்கத்தில் ஜன்னலைத் திறந்தாள்,
முகர்ந்து பார்த்தாள், மூடினாள்.
பிறகு என்ன நினைத்தாளோ,
மறுபடி திறந்துகொண்டாள்.