புல எண் 114

அ-பதிவேட்டில் குறுந்தம்வயலுக்குப் பதினொரு பக்கம்.
நஞ்சை, புஞ்சை, நத்தம், கண்மாய், இடுகாடு.
114-க்கு எதிரே குறிப்புக் கட்டத்தில் நீல மை:
‘உடையவர் மோல்மேனில்.’
கீழே, வேறொருவர் கையில்: ‘இன்னும்.’
அதற்கும் கீழே இடம் இருந்தது.
நான் எழுதவில்லை.

வடமேற்கு மூலைக்கல்லைக் காணோம்.
டேப்பின் மறுமுனை பிடிக்க வந்த சேவுகன்
ஊரை ஒரு சுற்றுக் கேட்டுவிட்டு வந்தார்.
கூத்தாயி வீட்டில் அம்மி இருக்கிறது, கல் இல்லை.
தைலமரக் காட்டுக்குள் புற்று இருக்கிறது, கல் இல்லை.
செம்புறைத் தரை; கடப்பாரை இறங்கினால்
மண் வெட்டுப்படாது, பொரிந்து உதிரும்.
எட்டு மணிக்கே என் காலுறை ஊர் நிறமாகிவிட்டது.

நாற்பத்தொரு கூரை. ஒரே ஒரு பெரிய வீடு,
இந்தத் தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் முடிகிறது.
அதன் ஓட்டில் விழும் மழை
நாலு தூம்பு வழியாக இறங்கி
கல் வாய்க்காலில் ஊருணிக்குப் போகிறது.
கதவு திறந்து எண்பது வருஷம்.
மழை மட்டும் வீட்டுக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறது.

“கடலுக்குப் பயந்து இவ்வளவு உசரமாக் கட்டுனாகளாம்.”
கடல் எங்கே?
“பஸ்ஸுல ரெண்டு மணி நேரம்.”
பயம் அவ்வளவு தூரம் நடந்தே வந்திருக்கிறது.

மத்தியானம் கல் கிடைத்தது.
கலுங்கின் மூன்றாம் படியில், தலைகீழாக,
அம்பு பொறித்த முகம் தண்ணீருக்குள்.
எந்த வருஷத்து வெள்ளத்திலோ கண்மாய் உடைந்தபோது
கையில் அகப்பட்டதையெல்லாம் போட்டு அடைத்திருக்கிறார்கள்:
பர்மாத் தேக்கு உத்தரம், மாட்டுத் தொட்டி, எல்லைக் கல்.
“அன்னைக்கு எது யாருதுன்னு யாரு பார்த்தா”
என்றாள் கூத்தாயி,
அதே படியில் துணியை அடித்தபடி.

எடுத்தால் படி போகும்.
படி போனால் கலுங்கு.
கணக்குப் போட்டு வேறு கல்லை நட்டேன்.
கோடு இழுத்தோம்.
கோடு போய் அய்யனார் புரவியின் விலாவில் நுழைந்து
அந்தப் பக்கம் வெளியேறியது.
முன்னங்கால் இரண்டும் பட்டா.
வால் சர்க்கார்.

சேவுகன் சிரிக்கவில்லை.
“குதிரைய நகத்தச் சொல்லுவீகளா, கோட்டையா?”

புலப்படத்தில் நிலையான அடையாளம் ஒன்று காட்ட வேண்டும்:
கிணறு, பாறை, மதில், இப்படி ஏதாவது.
எழுதினேன்: மண் குதிரை, சிவப்பு, இடது காது இல்லை.
மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கக்கூடாது, தெரியும்.
இங்கே ஆறே கிடையாது.

கருவியைப் பெட்டிக்குள் வைக்கும்போது தூற்றல்.
இரவு தேவகோட்டை லாட்ஜில்
தகரக் கூரை விடியும்வரை பேசிக்கொண்டிருந்தது.
கண்மாய்க்குப் படத்தில் பதினேழு ஹெக்டேர்.
அதை அதனிடம் யார் சொன்னது?

காலையில் சேவுகன் போன் செய்தார்.
“மேடம், நம்ம நட்ட கொடி மூணும் தண்ணிக்குள்ள.”
குதிரை?
“முழங்கால் மட்டுந்தான்.”