இரண்டு நூல் கூட

திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு ஸ்கான் சென்ரர்.
முகப்பு முழுக்கக் கண்ணாடி வேணுமெண்டார் டொக்டர் கேதீசன்.
அளவெடுத்தது நான்.
பூச்சு முடிஞ்ச பிறகு எடுத்திருக்க வேணும்.

கொழும்பிலை வெந்து,
முறிகண்டியிலை லொறிக்காரன் தேங்காய் உடைச்சு,
ராவோடை ராவாய் வந்து இறங்கினது கண்ணாடி.
நாலு பேர் பிடிச்சு நிமிர்த்தினம்.
இரண்டு நூல் கூட.

"ஓரத்தைக் கொஞ்சம் சீவினால் என்ன?"
எண்டார் மேசன் அன்ரனிப்பிள்ளை.

வெறும் கண்ணாடியெண்டால் சீவலாம்.
வைரமுனை ஒரு கோடு கீற
சொன்ன இடத்திலை சொன்னபடி முறியும்.
இது சூளை கண்டது.
அறுநூறு பாகை தாண்டிக் கொதிச்சு
ஒரே ஊதலிலை குளிர்ந்தது.
தோல் இறுகியிருக்கும், உள்ளுக்குள்ளை ஓயாத இழுவை.
ஒரு மூலையிலை தட்டுப்பட்டாலும்
முழுசும் கற்கண்டாய்க் கொட்டுண்டு போகும்.

கண்ணாடியை வெட்டேலாது, அண்ணை.
சுவரை வெட்டுங்கோ.

வெட்டினார்,
ஒவ்வொரு கொத்துக்கும் என்ரை அப்பனையும் சேர்த்து.

மற்றதெல்லாம் பிழையில்லாமல் போச்சுது.
வாசல் கூரைக்கு இரண்டு தட்டு, நடுவிலை பசைத்தாள்.
பக்கத்து வளவுத் தேங்காய் விழுந்தாலும்
வெடிச்சபடியே பிடிச்சுக்கொண்டு நிக்கும்.
கழிப்பறைக்குப் பால் கண்ணாடி:
வெளிச்சம் வரும், ஆள் தெரியாது.
எக்ஸ்ரே அறைக்கு ஈயம் கலந்த துண்டு,
கொப்பித்தாள் அளவுதான்;
தூக்கினால் கை கீழை போகும்.
நிறையத் தண்ணி விட்ட பிளேன்ரீயின்ரை நிறம்.

மேற்கு அறை யன்னலுக்கு மட்டும்
டொக்டர் மலிவாய்க் கேட்டார்.
பின்னேர வெயில் அங்கை நிண்டு கத்தும்.
வெள்ளிப்பூச்சுக் கண்ணாடி போட்டன்.
உள்ளை நிண்டால் றோட்டுத் தெரியும்.
றோட்டிலை நிண்டால் வானம்தான் தெரியும்.

போன செவ்வாய்,
மிச்சக்காசு வாங்கப் போனன்.
ஏழரை மணி. உள்ளை லைற் எரியுது.
பகல் முழுக்க
"மூச்சை இழுங்கோ, பிடியுங்கோ, விடுங்கோ" எண்டு
ஊராரின்ரை நெஞ்சைப் படம் எடுக்கிற அனுஜந்தினி
யன்னலுக்கு நேரை தனிய நிண்டு
ஆருக்கோ ஏதோ சொல்லிப் பழகிறாள்.
கையை நீட்டிறாள், மடக்கிறாள்.
பாதியிலை தொண்டை அடைக்க
முகத்தைத் துடைச்சு
முதலிலையிருந்து திரும்பவும்.

அவளுக்கு அது முகம் பார்க்கிற கண்ணாடி.
எனக்கு அது யன்னல்.

வெளிச்சம் எந்தப் பக்கமோ
அந்தப் பக்கம்தான் அகப்படும்.
விக்கேக்கை இதை நான் ஆருக்கும் சொல்லுறேல்லை.

காசு கேளாமல் சைக்கிளைத் திருப்பினன்.

அடுத்த நாள் பில்லிலை ஒரு வரி கூட எழுதினன்:
மேற்கு யன்னல், திரை ஒண்டு, காசில்லை.
ஏனெண்டு கேட்டார் டொக்டர்.
அளவு பிழைச்சுப் போச்சுது எண்டன்.