இருபது இருபதாக எண்ணும் மேடை

கருத்தப்பாண்டியின் லாரியில் வந்தது அது.
சிவகாசிச் சரக்கு; பின்னால் வெடிப் பெட்டிகள்,
முன்னால் கிளீனர் சீட்டுக்கு அடியில்
தக்காளிக் கூடைக்குள் சுருண்டு
ஒரு சிப்பிப்பாறைக் குட்டி.
"முயல் புடிக்கிற சாதிக்கா. முப்பத்தஞ்சு நாளாச்சு."
மணலியில் ஏது முயல்?

வேடிக்கைக்கு எடைமேடையில் இறக்கிவிட்டான்.
இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும் எங்கள் மேடை,
கன்டெய்னர்களுக்குப் பழகினது.
குட்டி நட்டநடுவில் நின்று ஒன்றுக்குப் போனது.
திரையில் சிவப்பாய் ஒரு பூஜ்யம்.

வால் நுனி கிரேன் கொக்கிபோல் வளைந்திருந்தது.
கொக்கி என்றே பேர் வைத்தேன்.

"ஆறு மாசம் படி ஏத்திராதீங்க,
மூட்டு இன்னும் மாவு" என்றான் பாண்டி, போனில்.
ஹவுசிங் போர்டில் எனக்கு நாலாவது மாடி.
நாளைக்கு ஆறு தடவை
இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறி இறங்கினேன்.
"சிலிண்டர்காரனுக்குக்கூட மாடிக்கு இத்தினின்னு குடுக்கிறோம்,
தொரை ஓசில போறாரு" என்றாள்
இரண்டாம் மாடி பிலோமினா.

சத்தத்துக்குப் பழக்கணும்.
தின்னும்போது சத்தம், சத்தம் வந்தால் தீனி.
முதல் வாரம் ஸ்பூனால் டம்ளரைத் தட்டினேன்.
பிறகு குக்கர் மூடி.
பிறகு, ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு மேலே வரும்
எதிர்வீட்டுத் தனகோட்டி.
தாழ்வாரக் கோடியில் நின்று
அலுமினிய அண்டாவை ஸ்பேனரால் அடிப்பது அவன் வேலை.
அந்த நொடியில் சோற்றில் ஒரு துண்டு ஈரல் போடுவது என் வேலை.
வாரத்துக்கு ஒரு கதவு கிட்டே வந்தான்.
நாலாவது வாரம் தட்டுக்குப் பக்கத்திலேயே குந்தி
அடித்தான், அது தலை தூக்கவில்லை.
"எங்க வூட்டுக்காரி இப்டி ஒரு நாள் சோறு துன்ன வுட்டதில்ல" என்றான்.

"வெடிக்கு அஞ்சுற நாய் வேட்டைக்கு ஆகாது."
வேட்டையே இல்லையே பாண்டி.
"வேட்டை இல்லாட்டி என்னக்கா,
வெடி இருக்குல்ல உங்க ஊர்ல."

ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூர்ப் பக்கம்,
சாம்பல் படிந்து காய்ந்த திட்டு.
பழைய சாக்ஸில் மணல் அடைத்துக் கயிற்றில் இழுப்பேன்.
மோப்பமெல்லாம் அப்புறம்; இது கண்ணால் துரத்தும் நாய்.
ஒருநாள் கண்டுகொள்ளவே இல்லை சாக்ஸை.
தூரத்தில் கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது.
நாற்பத்தைந்து வேகன்.
ஒவ்வொன்றையும் தனித்தனி முயலாக நினைத்துப்
பாய்ந்தது, பாய்ந்தது.
கயிறு உரசி என் உள்ளங்கை வெந்தது.

தனகோட்டியின் ஆட்டோமேல் ஏறிய லாரி
அன்று காலை என் மேடைக்கு வந்ததுதான்.
இருபத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது.
சீட்டு அடித்துக் கிழித்துக் கொடுத்தது நான்.
சரியான எடைதான். போலீஸ்காரரும் அதையேதான் சொன்னார்.

எடுக்கிற வரைக்கும் எங்கள் பிளாக்கில்
யாரும் அடுப்பு மூட்டவில்லை.
நாலு மணிக்குக் கீழே பறை தொடங்கியது,
பிறகு சரம், பத்தாயிரமோ இருபதாயிரமோ.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
நான் காதைப் பொத்திக்கொண்டேன்.
கொக்கி எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு,
வாயோரம் எச்சில் ஒழுக
காலித் தட்டின் முன்னால் போய் உட்கார்ந்தது.
ஒருமுறை கதவைப் பார்த்தது.

அடிக்கவா முடியும்?
பிரிட்ஜைத் திறந்தேன்.
பச்சை ஈரலை அப்படியே போட்டேன்,
வெடி ஓயும்வரை, துண்டு துண்டாக.
கை நடுங்கியது எனக்குத்தான்.

நேற்று அஞ்சு மாசம் முடிந்தது.
பழைய பேப்பர்க்காரர் தராசில் பன்னிரண்டு கிலோ.
இரவு ஷிப்டில், வண்டி இல்லாத நேரம்,
மேடையில் நிற்க வைத்தேன்.
சிவப்பு எண் கொஞ்ச நேரம் தடுமாறி, நின்றது:
இருபது.
எட்டு கிலோ கூடுதல்.
என்ன கணக்கோ அதற்கு.
சீட்டு அடித்தேன். வண்டி எண்: கொக்கி.

பின்னால் ஏதோ டிரெய்லர்
பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தது.
அது திரும்பிப் பார்த்தது,
பயமே இல்லாமல், பசியோடு.