பிறர்க்கு எழுதிக் கொடுத்தவள் கூற்று

காவற்படைத் துணைத்தலைவன் தோகிசுமிக்குக்
குதிரை வரும், வில் வரும்,
மூன்று கோப்பைக்குப் பின் அழுகை வரும்.
ஐந்து வரிக் கவிதை மட்டும் வராது.
ஆகவே என்னிடம் வருவான்.

'இனபாவுக்கு ஒன்று எழுதிக் கொடேன்,
இரவெல்லாம் நான் தூங்கவில்லை என்று.'
கண்ணில் முழுத் தூக்கத்தின் பீளை.
தூங்காதவள் யாரென்று சொல்லாமல்
மை உரைத்தேன்.
அவன் பெயரில் என் பசலையை எழுதினேன்.

பேரரசியின் கூடத்தில்
ஒரு திரைக்கு இப்புறம் நான், அப்புறம் இனபா.
அவள் இருமினால் என் விளக்குச் சுடர் ஆடும்.
அவ்வளவு தூரத்துக்குத்தான் என் கடிதம்
வடக்கு வாயிலில் வெளியேறி,
அவனுடைய சாய்ந்த கையெழுத்தை உடுத்திக்கொண்டு,
பிளம் கிளையில் கட்டுண்டு,
தெற்கு வாயில் வழியே வந்து சேர்ந்தது.

தாள் பிரியும் ஓசை.
பிறகு ஒன்றுமில்லை.
விசிறிப் பட்டைகளை எண்ணினேன். முப்பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன். முப்பத்தெட்டு.

பதில்களையும் அவனுக்கு நானே வாசித்துச் சொல்வேன்,
கொஞ்சம் குறைத்து.

ஐந்தாம் மாத மழையில் ஒருநாள்
தாளைத் தலைகீழாய்ப் பிடித்தபடி வந்தான்:
'பூனை என்கிறாள். எந்தப் பூனை?
சீப்பு உடைந்தது என்கிறாள்.
நான் எந்தச் சீப்பையும் தொடவில்லையே!'

உடைத்தவள் நான்.
சென்ற குளிர்காலத்தில், தலை முழுக நல்ல நாளென்று
நாள் பார்ப்பவன் சொன்ன அன்று,
தரைவரை இறங்கித் தரையிலும் ஓடிய அவள் கூந்தலை
உலர்த்தும்போது.
முறிந்த பல் ஒன்று அவள் பிடரியில் கிடந்தது.
எடுக்க நேரமாயிற்று.
அவளும் அவசரப்படுத்தவில்லை.
பூனை மட்டும் பார்த்தது.

'அது உருவகம்' என்றேன்.
'அப்படியா. நல்லதா?'
'நல்லது.'
அவனுக்கு நிம்மதி.
எனக்குக் கை நடுங்கி
அன்றைய பதிலில் ஒரு துளி மை சிந்தியது.
அதையும் அக்கறையாகப் பார்த்தெழுதினான்,
சிந்திய துளி உட்பட.

மறு வசந்தத்துப் பதவிப் பட்டியலில்
அவன் பெயர் மேற்குத் தீவில் விழுந்தது.
கோப்பை இல்லாமலே அழுதான். நல்லவன்.
விடைக் கவிதையும் நான் எழுதியதுதான்;
அதற்குத்தான் கண்ணீர் வரவழைக்க வேண்டியிருந்தது.

அவன் கப்பல் ஏறிய மூன்றாம் நாள் இரவு
திரையின் அடியில் ஒரு தாள் நகர்ந்து வந்தது.
கிளையில்லை. பூவில்லை. வாசனைப் புகை ஊட்டவில்லை.
எண்ணிப் பார்த்தால் ஐந்து வரியுமில்லை.

'இனி வடக்கு வாயிலைச் சுற்றி அனுப்பாதே, தாஜிமா.
மழை வரப்போகிறது. தாள் நனையும்.'

விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.
பூனை எனக்கு முன்பே
திரைக்கு அடியில் நுழைந்துவிட்டது.